மழை பெய்யும் பாலை

தஞ்சாவூரிலிருந்து தென்கிழக்கே செல்லும் பேருந்தில் ஜன்னல் ஓரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர்கள் கடந்து போகும். சாலையின் இருபுறமும் வயல்கள், வாய்க்கால்கள், தென்னந்தோப்புகள். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு வரை பச்சை நிறம் நம்மை விட்டு அகலுவதே இல்லை. வேதாரண்யத்தை அடைந்து, கோடியக்கரை செல்லும் சாலையில் அகத்தியம்பள்ளியைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை. ஒரு புல் இல்லை. வெடித்துக் கிடக்கும் சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு, அதற்கும் அப்பால் நடுங்கிக்கொண்டிருக்கும் கானல். சோழ நாட்டின் நெற்களஞ்சியத்திற்குள் இப்படி ஒரு பாலையா என்று வியப்புத் தோன்றும்.

இதுவே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டைக் காயலை நோக்கிப் பாக் நீரிணையின் ஓரமாக நீண்டு கிடக்கும் உப்பு நிலம் இது. கோடையில் இதைப் பார்ப்பவர்கள் பாலைவனம் என்றே சொல்வார்கள். ஆனால் பாலைவனம் என்பதற்குப் புவியியலார் பொதுவாகக் கூறும் இலக்கணம் என்ன? ஆண்டுக்கு 250 மில்லி மீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலம் என்பதே. வேதாரண்யத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை பெய்கிறது! பாலைவனத்தின் அளவைப்போல ஐந்து மடங்கு. இவ்வளவு மழை பெய்தும் நிலம் ஏன் வறண்டு கிடக்கிறது?

பாலைக்கென்று தனி நிலம் இல்லை, வேறு நிலங்கள் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது பழந்தமிழர் கருத்து. அக்கருத்து இவ்விடத்திற்கு நன்றாகப் பொருந்துகிறது. நிலத்தின் இயல்பை இங்கே மாற்றிய பொருள் நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் உப்புதான். அது எப்படி என்று காண்போம்.

தண்ணீர் இருந்தும் தாகம்

ஒரு செடியின் வேர் மண்ணிலிருந்து நீரை எவ்வாறு எடுத்துக்கொள்கிறது? வேரின் செல்களுக்குள் இருக்கும் சாறு, மண்ணில் உள்ள நீரைவிடச் செறிவு மிகுந்தது. இரண்டிற்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வு நீரை எளிதில் விடும். கரைந்த பொருள்களை எளிதில் விடாது. ஆகவே செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்கிறது. இதனைச் சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இனி மண்ணில் கடல்நீர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டல அழுத்தம். சாதாரணப் பயிர்களின் வேர் ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தம் வரை எதிர்த்து நீரை இழுக்க வல்லது. அதற்கு மேல் அதனால் முடியாது, செடி வாடிவிடும். வேரைச் சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் செடிக்குக் கிடைப்பது தாகமே. கோடையில் நீர் வற்ற வற்ற மண்ணில் உள்ள உப்பின் செறிவு கடல்நீரைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. அப்போது வேருக்குள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படும். இது மழை குறைந்ததால் வந்த வறட்சி அல்ல. உப்பினால் வந்த வறட்சி.

இந்த நிலத்திலும் பிழைக்கும் செடி ஒன்று உண்டு. அது உமரி. தன் சதைப்பற்றுள்ள இலைகளுக்குள் உப்பைச் சேர்த்து வைத்து, உள்ளே இருக்கும் சாற்றின் செறிவை மண்நீரின் செறிவைவிட உயர்த்திக்கொள்கிறது. எதிரியின் ஆயுதத்தையே தன் ஆயுதமாக்கிக்கொள்ளும் தந்திரம் இது! முத்துப்பேட்டையில் உள்ள அலையாத்தி மரம் வேறு வழியைக் கையாளுகிறது. மிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றிவிடுகிறது. அதன் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

உப்பு வந்த வழி

நாட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே இருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் உட்புறத்தில்தான் சதுப்பு அமைந்துள்ளது. அலைகளும் நீரோட்டங்களும் கொண்டுவந்து குவித்த மணல் மேடுகள் கடலுக்கும் நிலத்திற்கும் இடையே கரை போட்டதுபோல் நிற்கின்றன. மேடுகளுக்குப் பின்னால் உள்ள நிலமோ கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த சமதளம். கடல் பொங்கும்போது உள்ளே வரும் உப்புநீர் எளிதில் திரும்பிப் போக வழியில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இந்த இடம் ஒரு பெரிய ஏரிபோல் காட்சியளிக்கும். மழைநீரும் வெள்ளநீரும் கடல்நீரும் அங்கே கலந்து நிற்கும். தை பிறந்தபின் வெயில் ஏறும், நீர் குறையும். பங்குனி, சித்திரையில் சேறு தெரியத் தொடங்கும். மேலே நீர் வற்றிய பின்னும் வேலை நிற்பதில்லை. களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், அடியிலுள்ள உப்புநீர் நுண்புழை ஏற்றத்தால் மேலே வருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தரையில் தங்குகிறது. யாரும் விளைவிக்காமலேயே நிலம் வெண்மை பூத்துவிடுகிறது.

இவ்வாறு தானே விளையும் உப்பு நம் நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சை மாவட்டம் வழியாக 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தனர். 30ஆம் நாள் தடையை மீறி உப்பெடுத்த இராஜாஜி கைது செய்யப்பட்டார். குனிந்து கையால் அள்ளினாலே கிடைக்கும் பொருளுக்கு வரியா என்ற கேள்வியின் நியாயம், இந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்.

சூரியன் செய்யும் வேலை

இயற்கை தானாகச் செய்வதை மனிதன் ஒழுங்குபடுத்திச் செய்யும் இடமே உப்பளம். பாலை நீண்ட நேரம் காய்ச்சிச் சுண்ட வைப்பதுபோலக் கடல்நீரைச் சுண்ட வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்போமா?

ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. நீர் ஆவியாவதாகக் கொள்வோம். அது 5 லிட்டர் நீர். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 1.2 கோடி ஜூல். ஓர் ஏக்கருக்குப் பெருக்கிப் பாருங்கள். 13,000 யூனிட் மின்சாரத்திற்கு மேல் வருகிறது! இத்தனையையும் சூரியன் ஒவ்வொரு நாளும் கட்டணம் இல்லாமல் வழங்குகிறது.

வேறு சில உப்புகளைப்போல, சூடான கரைசலைக் குளிரவைத்துச் சமையல் உப்பைப் பிரித்தெடுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. 100 கிராம் நீரில் 0° செல்சியஸில் சுமார் 36 கிராம் உப்புக் கரைகிறது. 100° செல்சியஸிலும் 39 கிராம்தான் கரைகிறது. வெப்பநிலை மாறினாலும் கரைதிறன் அவ்வளவாக மாறுவதில்லை. எனவே நீரை வெளியேற்றுவதே வழி.

கடல்நீர் சுண்டும்போது அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. கரைதிறன் குறைந்தது முதலில் படியும். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கார்பனேட்டு முதலில், பிறகு ஜிப்சம், நீரின் பருமன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தபின் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. கடைசியில் எஞ்சுவது மக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்பு நீர். உப்பளத்தில் நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு மாற்றுவதன் இரகசியம் இதுதான். பாமே அளவி என்ற நீர்மானியை மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கின்றனர். கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை பாகை காட்டும். 25 பாகையை நெருங்கும்போது உப்புப் படிகம் தோன்றத் தொடங்கும். 29, 30 பாகை ஆவதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து, உப்பு கசக்கும்.

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சுமார் 27 கிலோ சமையல் உப்பே உள்ளது. அப்படியானால் ஒரு கிலோ உப்புக்குக் குறைந்தது 37 லிட்டர் கடல்நீர் சுண்ட வேண்டும். அதை வாரிக் குவிப்பவர்கள் விடியுமுன்பே வேலையைத் தொடங்குகிறார்கள். வெயில் ஏறிவிட்டால், மேலிருந்து வரும் வெளிச்சம் ஒன்று, உப்பிலிருந்து திரும்பிவரும் வெளிச்சம் ஒன்று என்று இரண்டு சூரியன்கள் கண்ணைத் தாக்கும். நாம் இரசிக்கும் அந்த வெண்மை அவர்களுடைய கண்களுக்குத் துன்பம் என்பதை மறக்கலாகாது.

காலையில் கருமை, நண்பகலில் வெண்மை

ஒரு கல்லுப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பொருள். பிறகு உப்புக் குவியல் மட்டும் வெண்மையாகத் தோன்றுவது ஏன்? குவியலில் எண்ணற்ற படிக முகங்கள் உள்ளன. காற்றிலிருந்து உப்புக்குள்ளும், உப்பிலிருந்து காற்றுக்குள்ளும் ஒளி மாறி மாறிச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறி வெளியே வருவதால் வெண்மை தோன்றுகிறது.

சதுப்புக்கு அதிகாலையில் சென்றால் நிலம் மங்கலான சாம்பல் நிறமாக இருக்கும். அதே நிலம் நண்பகலில் கண்ணைப் பறிக்கும். இதற்குக் காரணம் காற்றின் ஈரப்பதம். ஈரப்பதம் 75 விழுக்காட்டிற்கு மேல் சென்றால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் கோப்பதும் இதனால்தான். கடற்கரையில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் மிகுதி. உப்புப் படலம் நனைந்து, படிகங்களுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் நீர் நிரம்புகிறது. உப்பின் ஒளிவிலகல் எண் 1.54, நீருக்கு 1.33; காற்றுக்கு 1. உப்புக்கும் நீருக்கும் வேறுபாடு குறைவு. எனவே எதிரொளிப்பும் குறைகிறது. அடியிலுள்ள கருஞ்சேறு தெரிகிறது. வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் வெண்மை திரும்பிவிடுகிறது. நாள்தோறும் நடக்கும் நிறமாற்றம் இது!

சில பாத்திகளில் உப்புநீர் இளஞ்சிவப்பாக இருப்பதையும் காணலாம். இது உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் வேலை. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் இனப் பொருள்கள் அவற்றிலும் உள்ளன. மழைக்காலத்தை ஒட்டி இங்கே வந்து கூடும் பூநாரைகள், இத்தகைய உயிர்களையும் அவற்றை உண்ணும் சிறு பிராணிகளையும் வளைந்த அலகால் வடிகட்டி உண்கின்றன. அவற்றின் சிறகுகளில் உள்ள செந்நிறம் உணவிலிருந்து வந்ததே.

ஓடும் ஏரி

கோடை நண்பகலில் காய்ந்த சேற்றுத் தரையில் நின்று பார்த்தால், எதிரே ஒரு பெரிய ஏரி தெரியும். அருகே போனால் ஏரி விலகிப் போகும். இதுவே கானல் நீர். 1798ஆம் ஆண்டு நெப்போலியனுடன் எகிப்து சென்ற பிரெஞ்சு அறிஞர் மோன்ஜ் இதற்கு ஒளிவிலகலைக் கொண்டு விளக்கம் தந்தார்.

கண் மட்டத்தில் காற்றின் வெப்பநிலை 35° செல்சியஸ், தரையை ஒட்டி 50° செல்சியஸ் என்று கொள்வோம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மேலே ஒளிவிலகல் எண் 1.000260, கீழே 1.000248. வேறுபாடு மிக மிகச் சிறியது. ஆகவே தரைக்கு ஏறத்தாழ இணையாக, கால் பாகையை ஒட்டிய சரிவில் வரும் கதிர்கள் மட்டுமே படிப்படியாக வளைந்து மேலே திரும்பும். அவை வானத்திலிருந்து வந்த கதிர்கள். நம் கண்ணுக்கோ அவை தரையிலிருந்து வருவனபோல் தோன்றுகின்றன. தரையில் தெரியும் வானத்தை நாம் நீர் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கணக்கிட்டால் அந்தச் சரிவு 0.28 பாகை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்கு, 'ஏரி' சுமார் 300 மீட்டருக்கு அப்பால் தொடங்கும். நாம் 100 மீட்டர் நடந்தால் அதுவும் 100 மீட்டர் நகரும். துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் அதை அருகே வரவழைக்க ஒரு வழி உண்டு. கீழே உட்காருங்கள்! கண்ணின் உயரம் பாதியானால் ஏரியின் கரையும் பாதித் தூரத்திற்கு வந்துவிடும். ஊர் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லைக்கோட்டைக் காப்பது எது?

இதுவரை நாம் கண்ட அழகு, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரைதான் அழகு. வெண்மை நகர்ந்து பச்சைக்குள் புகுந்தால் அது துயரம். வயலையும் உப்பு நிலத்தையும் பிரிக்கும் எல்லைக்கோட்டைக் காப்பது எது?

அதைக் காப்பது நிலத்தடியில் உள்ள நன்னீர். கடற்கரை மண்ணுக்கு அடியில் கடல்நீர் பரவி நிற்கிறது. அதன்மேல் மழையாலும் ஆற்றுப் பாசனத்தாலும் இறங்கிய நன்னீர் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. கடல்மேல் பனிக்கட்டி மிதப்பதுபோல, நன்னீரின் பெரும்பகுதி கீழே மறைந்திருக்கும். கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரு அறிஞர்கள் தனித்தனியே கண்ட விதி இது: நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். 1.000ஐ 0.025ஆல் வகுத்தால் 40 அல்லவா?

இந்த விதியைத் திருப்பிப் படித்தால் அச்சம் தோன்றும். பம்பு வைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் உப்புநீர் அடியிலிருந்து 40 மீட்டர் மேலே ஏறி வரும்! நெல்லோ உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் மின்கடத்து திறன் 3 அலகைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. கடைமடை உழவர்கள் ஆற்றுநீர் வந்து சேரவில்லையே என்று கவலைப்படுவது பயிருக்கு நீர் வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி உப்பைக் கீழே அழுத்தி வைக்கும் காவலனும் ஆகும். கடல் மட்டமும் ஆண்டுதோறும் சில மில்லி மீட்டர் உயர்ந்து வரும் இக்காலத்தில் அந்தக் காவல் மேலும் தேவைப்படுகிறது.

எல்லை ஒரே நாளில் அழிந்ததையும் இப்பகுதி கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கடல்நீர் நின்ற வயல்கள் உப்பாயின. அவற்றை மீட்டது எது? முதலில் மழை, நன்னீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவினர். அடுத்து ஜிப்சம், களிமண் துகள்களைப் பற்றிக்கொண்ட சோடியத்தை அதிலுள்ள கால்சியம் இடம்பெயர்க்கிறது. விடுபட்ட சோடியம் நீரோடு போய்விடும். உப்புநீர் பாத்தியில் கழிவாகப் படியும் ஜிப்சமே உப்பு நிலத்துக்கு மருந்தாகவும் பயன்படுவது எவ்வளவு விந்தை! குழியடிச்சான், களர்பாளை போன்ற பழைய நெல் வகைகள் உப்பை ஓரளவு தாங்குவன என்பதும் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்ததே.

தரிசு அல்ல

ஒன்றும் விளையாத நிலம் என்று பெருஞ்சதுப்பை ஒதுக்கிவிடக் கூடாது. வெள்ளநீரை அது ஏற்றுக்கொள்கிறது. நமக்கு உப்பைத் தருகிறது. தொலை தூரத்திலிருந்து வரும் பறவைகளுக்கு உணவளிக்கிறது. கோடியக்கரை 1967இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2002இல் இச்சதுப்பு நிலம் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

செய்து பாருங்கள்: ஒரு உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, இரண்டை நல்ல நீரிலும் இரண்டைக் கெட்டியான உப்புநீரிலும் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். எது விறைப்பாக இருக்கிறது, எது துவண்டு போயிற்று? உப்பு ஏறிய வயலில் நெற்பயிர் படும் பாட்டை அந்த வில்லை உங்களுக்குச் சொல்லும். பிறகு அதே உப்புநீரைச் சிறிது வடிகட்டி, ஒரு தட்டில் வெயிலிலும் மற்றொரு தட்டில் நிழலிலும் வையுங்கள். எந்தத் தட்டில் பெரிய படிகங்கள் விளைகின்றன என்று ஓரிரு வாரங்களில் தெரிந்துவிடும். காரணத்தை உங்கள் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.

அடுத்த முறை கோடியக்கரைக்குச் சென்றால் வெளிமான்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாலையோரத்தில் சற்று நின்று, பச்சை முடிந்து வெண்மை தொடங்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். மேட்டூரில் திறந்துவிடப்பட்ட நீர் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பதை அந்த இடம் உங்களுக்குக் காட்டும்.